இரவுக்குறி

அகப்பொருள் பயிலும் மாணவர்க்கு இத்தலைப்பு வேறொன்றை நினைவூட்டும். தலைவன் இரவில் வந்து தலைவியைக் காணத் தோழி குறித்துத் தரும் இடம் இரவுக்குறி எனப்படும். இம்மலருக்குக் கட்டுரை வேண்டுமெனக் கேட்ட துறையினரும் அப்படியொரு பொருளையே நம்மிடம் எதிர்பார்த்திருப்பர். நாம் எழுத முனைந்ததோ ஏரி நீருக்கடியில் மறைந்து கிடக்கும் இடர்களையும், இரவில் படகு செலுத்துவோர்க்கு அவற்றைக் காட்டும்பொருட்டு நடப்படும் குறிகளையும் பற்றி. பேரவையில் பேச வேண்டிய பொருளா இது என்று பெரியோர் எவரேனும் கருதின், கட்டுரையின் நடுப்பகுதி வரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

நம் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் பழவேற்காடு. உவர்நீர் ஏரிகளில் இந்திய நாட்டில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்துள் கிடக்க, தென்கோடி மட்டும் தமிழகத்தில் உள்ளது. கிழக்கே திருஅரிக்கோட்டைத் தீவு கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மதிலாய் நீண்டிருக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல் உப்புநீரை அனுப்புகிறது. ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர் இது. சோழமண்டலக் கரையின் துணி வாணிகத்தில் பெயர் பெற்றிருந்த ஊர். அந்த வரலாற்றை வரலாற்றுத் துறையினர் நம்மினும் நன்றாக எழுதுவர். நமக்குத் தெரிந்ததெல்லாம் விடுமுறை நாள்களில் பாட்டனார் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த நீர்தான்.

அந்நீரின் ஆழத்தைக் கேட்டால் வெளியூரார் நகைப்பர். சராசரியாக ஏறத்தாழ ஒரு மீட்டர். கோடையில் பல இடங்களில் முழங்கால் நனைய நடந்தே செல்லலாம். ஆழமில்லாத நீரில் ஆபத்தென்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஆழ்கடலில் நீருக்குள் கிடக்கும் பொருள் பெரும்பாலும் படகின் அடியைத் தொடாமலே போய்விடுகிறது. ஆழமற்ற ஏரியிலோ அமிழ்ந்த ஒவ்வொன்றும் படகின் வழியிலேயே கிடக்கிறது. இறால் பிடிக்க வலை கட்டும் மீனவர் சேற்றில் கழிகளை நடுகின்றனர். பருவம் முடிந்தபின் சில கழிகள் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே முறிந்து நின்றுவிடுகின்றன. ஆளிச்சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பற்றி வளர்ந்த திட்டுகள் உண்டு. அவற்றின் விளிம்பு கத்தி போன்றது. மணல்திட்டுகளோ ஆண்டுக்காண்டு இடம் பெயர்வன. வடகிழக்குப் பருவமழை முகத்துவாரத்தைத் திறந்து விரித்துவிட, கோடை அதனை மணலிட்டு அடைத்துவிடும். சென்ற ஆண்டு படகு சென்ற வழியில் இவ்வாண்டு மேடு நிற்கும்.

பகலில் இவையெல்லாம் ஓரளவு தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும். மேடான இடத்தில் நீரின் நிறம் வெளுக்கும். கழியின் முறிந்த தலைக்குமேல் சிற்றலை சுழிக்கும். சிப்பித்திட்டின்மேல் பறவை நிற்கும். இரவு இம்மூன்றையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது. நிலவிருந்தால் நன்று என்பதும் முழுவதும் சரியன்று. நிலவொளி அலைமீது பட்டுத் தகதகக்கும்போது நீருக்குள் இருப்பது இன்னும் மறைந்துபோகிறது. கையில் வலிய விளக்கு இருந்தாலும் இடர்ப்பாடுண்டு. அவ்வொளி எட்டும் இடம் மட்டும் வெளிச்சமாகி, அதற்கப்பால் முன்னிலும் கன்னங்கரேலென்று ஆகிவிடும். இருளுக்குப் பழகிய கண்ணை ஒருமுறை பெருவிளக்கால் கெடுத்துக்கொண்டால், அது மீண்டும் முழுதாய்ப் பழக அரைமணி நேரத்துக்குக் குறையாது.

இனி நம் கதைக்கு வருவோம்.

நம் பாட்டனாருக்குச் சுண்ணாம்புக் கிளிஞ்சல் வாணிகம். ஏரியில் அள்ளும் கிளிஞ்சலைத் தோணியில் ஏற்றிப் பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்கு அனுப்புவார். 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் கால்வாய் சீர்கெட்டது, வாணிகமும் நலிந்தது. இருந்த இரண்டு தோணிகளில் ஒன்றை விற்றார். மற்றொன்று 1974ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கிளிஞ்சற்சுமையோடு ஏரியில் அமிழ்ந்தது. அதில் எவருக்கும் தீங்கில்லை. தண்ணீர் வடிந்தபின் ஆள்விட்டுப் பாய்மரத்தையும் பயன்படும் பலகைகளையும் கழற்றிக் கொணர்ந்தார்கள். ஏராக்கட்டையும் அதிலிருந்து மேல்நோக்கி நின்ற வங்குகளும் சேற்றிலேயே விடப்பட்டன. அவற்றைப் பிடுங்கியெடுக்க ஆகும் கூலி மரத்தின் விலையினும் மிகுதி என்று கணக்குப் பார்த்தார்களாம். அக்கணக்கு பிழையற்ற கணக்கே. பாட்டனார் நேர்மையான வணிகர். எவரிடமும் ஒரு காசு கூடுதலாய் வாங்கியதில்லை என்று ஊரார் இன்றும் சொல்வர்.

வற்றுநீரில் அவ்வங்குகள் மாட்டின் விலா எலும்புபோல் வெளியே தெரியும். சிறுவராயிருந்த நாம் மாமாவோடு படகில் போகையில் அவற்றை எண்ணுவதுண்டு. ஒருமுறை ஏழு, ஒருமுறை ஐந்து. முகத்துவாரத்துக்கு அணித்தே இருந்தமையால் கடலேற்றம் அங்கு எட்டும். ஏற்றத்தில் அத்தனையும் மறையும். உவா நாளின் பேரேற்றத்தில் மேலே ஒரு சாண் நீர் நிற்கும். ஒரு சாண் என்பது மிகக் கொடிய அளவு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. படகின் அடிக்கோ எல்லாம் தட்டும்.

1990ஆம் ஆண்டு தை மாதம், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், பக்கத்துக் குப்பத்து இளைஞன் ஒருவன் இரு கூட்டாளிகளோடு பாய்விரித்துக் கரைநோக்கி வந்தான். பத்தொன்பது வயது. இரண்டாண்டுகள் சென்னையில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் தந்தையின் தொழிலுக்குத் திரும்பியிருந்தான். காற்று நன்றாய் அடித்தது. படகு நம் வங்குகளின்மேல் ஏறி அணியம் பிளந்து சாய்ந்தது. கூட்டாளிகள் இருவரும் நடந்தே கரையேறினர். ஆம், நடந்தே. நீர் மார்பளவுதான். அவன் மட்டும் வலைக்குள் சிக்கித் தலையில் அடிபட்டு எழாமற் போனான்.

அவன் தந்தை பழைய நாள்களில் நம் பாட்டனாரின் தோணியில் கோலூன்றியவர்.

மறுநாள் காலை வீட்டில் நிலவிய அமைதி நமக்கு இன்றும் நினைவிருக்கிறது. நமக்கு அப்போது பதினொரு வயது. வாப்பாவும் மாமாவும் அடுக்களைக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பாட்டனார் தொழுகைப் பாயிலிருந்து நெடுநேரம் எழவில்லை. பின் ஒரு மூட்டை அரிசியும் ஒரு தொகையும் அந்த வீட்டுக்கு அனுப்பினார். சாவுக்குத் தாமே போய் நின்றார். தம்மிடம் என்றோ வேலை செய்த ஒருவருக்கு இவ்வளவு செய்கிறாரே என்று ஊர் பாராட்டிற்று. அந்தப் பாராட்டை அவர் மறுக்கவில்லை. "அது நம்ம தோணி" என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு கழியை நட்டு ஒரு துணியைக் கட்டி வைத்திருந்தால் போதும். பதினாறு ஆண்டுகள் அதற்கு நேரமிருந்தது. சாவு நேர்ந்த பின்னரும் நடவில்லை. நட்டால் அது நம்முடையது என்று ஒப்புக்கொண்டதாகும் என்று அஞ்சினார்கள் போலும். கட்டுரையாளர் தம்மை 'நாம்' என்று எழுதுவது மரபு. இப்பத்தியில் 'அஞ்சினோம்' என்றே எழுதியிருக்க வேண்டும். அது மரபுக்காக எழுதுவதாகாது.

பாட்டனார் 1996இல் மறைந்தார். நாம் தமிழ் படிக்கச் சென்றோம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் நெய்தற்பாடல்கள். உப்பங்கழியில் இரவில் வரும் தலைவனுக்குத் தோழி வழியின் ஏதங்களை எடுத்துரைக்கும் பாடல்களைத் தொகுத்து வகைப்படுத்தினோம். முதலை உண்டு, சுறா உண்டு, இருள் உண்டு என்றெல்லாம் அவள் சொல்லுவாள். வராதே என்பதும், மணந்துகொள் என்பதும் அவள் கருத்து. கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்கினோம். பெரும்பாணாற்றுப்படை அதனை வருணிக்கிறது. சிலப்பதிகாரம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கரைதல் என்றால் அழைத்தல்; கலத்தைக் கரைவது கலங்கரை விளக்கம் என்று சொற்பொருள் விளக்கமும் எழுதினோம். பழவேற்காட்டிலும் 1859இல் அமைந்த கலங்கரை விளக்கம் உண்டு என்று அடிக்குறிப்பிட்டோம். நெறியாளர் அவ்வடிக்குறிப்பைப் பாராட்டினார். வா என்று அழைக்கும் விளக்குக்குத் தமிழில் இத்தனை அழகிய பெயர் இருக்க, இங்கே வராதே என்று விலக்கும் குறிக்கு ஏன் ஒரு பெயர் இல்லை என்று அப்போது நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. 'கழி' என்னும் சொல்லுக்கு நீரும் பொருள், கோலும் பொருள் என்று மாணவர்க்கு நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் மாண்டனர். அது பகலில் நேர்ந்தது. அதன் காரணங்கள் வேறு. ஆயினும் செய்தித்தாளில் ஊர்ப்பெயரைக் கண்டபோது நம் நினைவு சென்ற இடம் அவ்வங்குகள்தாம். அப்போதும் ஒன்றும் செய்யவில்லை.

2018ஆம் ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பழவேற்காட்டைத் தேர்ந்தோம். ஏழு நாள் முகாம். வழக்கம்போல் மரக்கன்று நடுதல், தெருத்தூய்மை, மருத்துவ முகாம் என்று நிகழ்ச்சிநிரல் வகுத்திருந்தோம். ஆம்பூரிலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர், ஏரியையே முதன்முறை பார்ப்பவர், முதல்நாள் மாலை கரையில் நின்று கேட்டார்: "ஐயா, ராத்திரி போற படகுக்குத் தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?" பக்கத்தில் நின்ற மீனவர், "எங்களுக்குத் தெரியும்" என்றார். மாணவர் விடவில்லை: "புதுசா வர்றவங்களுக்கு?" மீனவர் விடை கூறவில்லை.

நிகழ்ச்சிநிரலை மாற்றினோம். ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் உரிய அலுவலரிடமும் இசைவு பெற்றோம். பெரிய திட்டம் ஒன்றுமன்று. சவுக்குக் கழிகள், ஓட்டை இல்லாத எண்ணெய்க் கேன்கள், நைலான் கயிறு, 'ரேடியம்' என்று கடைத்தெருவில் வழங்கும் ஒளித்தாள். பெயர்தான் ரேடியம், அத்தாளில் ரேடியம் கிடையாது. தானே ஒளிர்வதும் அன்று. தன்மேல் படும் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்புவது அதன் இயல்பு. விளக்கு எங்கிருக்கிறதோ அங்கிருக்கும் கண்ணுக்கே அது பளிச்சிடும். இப்போது மீனவர் பலரும் தலையில் பட்டையோடு கட்டும் பேட்டரி விளக்கையே பயன்படுத்துகின்றனர். கண்ணும் விளக்கும் நான்கு விரற்கடையில் இருப்பதால் இதைவிடப் பொருத்தம் வேண்டுவதில்லை. சூரிய ஒளியில் இயங்கும் விளக்குகளை வைக்கலாமே என்றார் ஒரு மாணவர். வைத்த வாரமே அவை வேறு வீட்டில் எரியும் என்றனர் ஊரார், நாணமின்றி.

குறியை எங்கே நடுவது என்பதில்தான் பெரிய வழக்காடல். இடரின் தலைமேலேயே நடுவதா, ஆழநீர் இருக்கும் பக்கத்திலா? கடலில் இதற்கெல்லாம் முறை உண்டு. 1980இல் உலக நாடுகள் மிதவைக் குறிகளுக்குப் பொதுமுறை ஒன்றை உடன்பட்டு ஏற்றன. சுற்றிலும் ஆழமிருக்க ஓரிடத்தில் மட்டும் ஆபத்திருந்தால், கருப்பில் சிவப்புப் பட்டையிட்ட குறி. தலையில் இரண்டு கருப்புருண்டைகள். இரவில் இரண்டிரண்டாய்ச் சிமிட்டும் வெள்ளொளி. எத்திசையில் விலகிச் செல்ல வேண்டும் என்பதைக் காட்ட மஞ்சளும் கருப்புமான வேறு நான்கு குறிகள். இதை மாணவர்க்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். இலக்கணம் நடத்துவதைவிட எளிதாகவே இருந்தது. இரண்டு என்னும் எண்ணை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். கழியில் இரண்டு பட்டை ஒளித்தாள் என்றால் ஆபத்து. ஒரு பட்டை என்றால் அதனருகே வழி.

இடங்களைக் காட்ட ஊரார் ஒரு முதியவரை அனுப்பினர். எழுபதைக் கடந்தவர்; ஒரு கண்ணில் புரை. யார் என்று அறிந்தபோது நமக்கு நா உலர்ந்தது. அவர் நம்மை அடையாளம் கண்டாரோ இல்லையோ தெரியவில்லை. படகின் அணியத்தில் அமர்ந்து கோலால் நீரைக் குத்திக்கொண்டே வந்தார். வற்றுநேரம். மாணவர் நால்வர், கழிக்கட்டு, நாம்.

"முதல் குறி அங்க" என்று கைநீட்டினார்.

வங்குகள் நான்கே மிஞ்சியிருந்தன. இருபத்தெட்டு ஆண்டுகளில் புழு அரித்துக் குட்டையாகியிருந்தன. பகலில் பார்ப்பவர் முறிந்த வலைக்கழி என்றே எண்ணுவர். கழியை நாட்ட மாணவர் நீரில் இறங்கினர். நாமும் இறங்கினோம். காலில் ஏராக்கட்டை தட்டியது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மாணவர் கேட்கும்படியாகவே சொன்னோம்: "பெரியவரே, இது எங்க பாட்டனார் தோணி."

"தெரியும் தம்பி" என்றார். "நான் கோலு போட்ட தோணி எனக்குத் தெரியாதா?"

பின் சிறிதுநேரம் எவரும் பேசவில்லை. சம்மட்டி ஓசை மட்டும். நாம் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினோம்; மன்னிப்பு என்னும் சொல்லை அடைவதற்குள் அவர் கையமர்த்தினார்.

"உங்க தாத்தா நடல. சரி. நானும் நடலியே. தினம் இப்படித்தான் போவேன், வருவேன். எனக்கு எடம் தெரியும். தெரிஞ்சவனுக்கு எதுக்குக் கழின்னு இருந்துட்டேன். அவனுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணல." கோலை எடுத்துச் சற்றுத் தள்ளி ஊன்றிக் காட்டினார். "இங்க ஒண்ணு நடு. வராதேன்னு சொன்னா மட்டும் போதாது. எப்படிப் போறதுன்னும் சொல்லணும்ல. காத்து அடிக்கிறப்ப ஒருத்தன் நின்னு யோசிக்க முடியாது."

மாணவர்களின் வழக்காடல் அத்தோடு தீர்ந்தது. இடரின்மேல் இரண்டு பட்டைக் கழி, ஆழத்தின் பக்கம் ஒரு பட்டைக் கழி என்று ஒன்பது இடங்களில் நாட்டினோம். கழிகள் பன்னிரண்டடி; நான்கடி சேற்றுக்குள். இன்னொன்றையும் முதியவரே நினைவூட்டினார். நட்ட கழி பின்னாளில் முறிந்தால் அதுவே நீருக்குள் மறைந்த புதிய இடராகும். எனவே ஒவ்வொரு கழியின் அடியிலும் கயிறு கட்டி ஒரு கேனை மிதக்கவிட்டோம். கழி போனாலும் கேன் நின்று காட்டும். கயிறு நீளமாயிருந்தால் கேன் இடம்பெயர்ந்து பொய் சொல்லும் என்பதால் பேரேற்றத்தின் அளவுக்கு மேல் ஒரு முழம் மட்டுமே விட்டோம். பொய்சொல்லும் குறியைவிடக் குறியில்லாத நீர் நல்லது.

முகாமின் கடைசி இரவு உயிர்காப்பு அங்கி அணிந்து சோதித்துப் பார்க்கச் சென்றோம். நிலவில்லை. கரையில் பள்ளிவாசல் மினாராவின் விளக்கு ஒன்றுதான் திசைக்குத் துணை. அவ்விளக்கை அமரத்துக்கு நேர்பின்னே வைத்து வருவது அவ்வூர்ப் படகோட்டிகளின் பழைய வழக்கம் என்று முதியவர் சொன்னார், எம்மதத்தவராயினும் அவ்வாறே. தலைவிளக்கைத் திருப்பியபோது, நூறடிக்கு அப்பால் இருளில் இரண்டு கோடுகள் பளிச்சென்று எழுந்தன. ஆம்பூர் மாணவர் கைதட்டினார். முதியவர் கைதட்டவில்லை. முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு, "இடப்பக்கம் வாங்கு" என்று படகோட்டியிடம் சொன்னார்.

முதல் மழைக்காலத்தில் ஒன்பதில் மூன்று போயின. இரண்டை வெள்ளம் கொண்டது. ஒன்று யாருடைய அடுப்பிலோ எரிந்திருக்கும். தை பிறந்ததும் மீண்டும் நட்டோம். அன்றுமுதல் பெருந்தொற்றுக் காலத்து ஓராண்டு நீங்கலாக ஒவ்வோராண்டும் முகாமோ முகாமில்லையோ தையில் செல்கிறோம். முதல் குழுவின் மாணவர் சிலர் இப்போது ஆசிரியர். அவர்களும் விடுப்பெடுத்து வருகின்றனர். வங்குகளைப் பிடுங்கிவிடலாமே என்று சிலர் கேட்டதுண்டு. இரண்டைப் பிடுங்கினோம். ஏராக்கட்டையோடு கிடக்கும் மற்றிரண்டும் அசையவில்லை; கப்பி வைத்து இழுக்க வேண்டும் என்கிறார்கள். பாட்டனார் கணக்குப் பார்த்த அதே கூலியை இன்றைய விலைக்கு மறுபடி கணக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். குடும்பத்தார் கூடிப் பேசினோம். மாமா தம் பங்கைத் தந்துவிட்டார்.

முதியவருக்கு இப்போது இரு கண்ணும் தெளிவில்லை. சென்ற தையில் கரையிலேயே அமர்ந்திருந்தார். திரும்பி வந்ததும், "முதல்ல எதை நட்டீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "எத்தனை பட்டை?" என்றார். "இரண்டு" என்றோம்.